நாட்காட்டியில் எழுதியிருந்த நோய்



இம்மாதம் நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளைக் கண்டு, "சாமியாருக்கு இது எதற்கு?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். பெண்களின் மாதவிலக்கைப் பற்றிப் பங்குக் குரு எழுதுவது நம் வழக்கத்தில் இல்லை என்பதை நானும் அறிவேன். ஆயினும் இதை எழுதாமல் விட்டதனால் ஏற்பட்ட கேட்டை என் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அக்கேட்டில் எனக்கும் பங்குண்டு. ஆதலால் கணவனும் மனைவியும் ஒன்றாக அமர்ந்து இதைப் படிக்க வேண்டுகிறேன்.

ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நான் பணியாற்றிய காலத்தில், பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மனைவியை அழைத்துக்கொண்டு பங்களாவுக்கு வந்தார். (பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட செய்தி என்று எவரும் எண்ண வேண்டாம். முன்னறையில், மின்விசிறியின் கீழ், மூவரும் வெளிப்படையாகப் பேசியது. அவ்விருவரின் இசைவோடுதான் எழுதுகிறேன்.) "மாதத்தில் இருபது நாள் இவள் தங்கம், சாமி. மீதிப் பத்து நாள் யாரென்றே தெரியவில்லை" என்றார் அவர். அந்நாட்களில் மாமியாரோடு சண்டை, பிள்ளைகளுக்கு அடி, காரணமில்லாத அழுகை. கிணற்றடியில் போய் நின்றுகொண்டு, "நான் இருந்து என்ன பயன்?" என்று கேட்டதும் உண்டு. அந்த அம்மாள் தலை நிமிராமல் சொன்ன சொற்களை நான் இன்னும் மறக்கவில்லை: "எனக்குள்ளே வேறொருத்தி வந்து உட்கார்ந்துகொள்கிறாள், சாமி. சில நாளில் அவள் போய்விடுகிறாள். அவள் உடைத்துப் போட்டதையெல்லாம் நான் உட்கார்ந்து பொறுக்குகிறேன்."

மூன்று மருத்துவரிடம் போயிருந்தார்கள். முதல்வர் இரத்தசோகை என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். இரண்டாமவர் மகப்பேறு மருத்துவர். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கர்ப்பப்பையில் குறையொன்றும் இல்லை, தொல்லையாக இருந்தால் எடுத்துவிடலாம் என்றார். மூன்றாமவர் மனநல மருத்துவர். தூக்க மாத்திரை எழுதினார். மூவருள் ஒருவரும், "இது மாதத்தில் எந்தத் தேதியில் வருகிறது? எந்தத் தேதியில் போகிறது?" என்று கேட்கவில்லை. நான்காவதாக வந்த இடம் பங்களா. நான் செய்தது என்ன? நாவடக்கத்தைப் பற்றி ஒரு சிறு பிரசங்கம்! பொறுமைக்காகச் செபமாலை சொல்லச் சொல்லி அனுப்பினேன். செபமாலை தவறன்று. ஆனால் நோயாளியிடம் அவளது நோயைப் பாவமென்று சொல்லி அனுப்பியது தவறு.

அடுத்த தெருவில் இருந்த கன்னியர் மடத்தில், மருந்தகத்தை நடத்திவந்த செவிலியர் சகோதரி ஒருவர்தாம் வழி காட்டினார். அவர் செய்தது மிக எளிய காரியம். கோவிலில் நாம் கொடுக்கும் நாட்காட்டியை அந்த அம்மாளின் கையில் கொடுத்து, ஒவ்வொரு நாளும் படுக்கப்போகுமுன் அன்றைய தினம் எப்படியிருந்தது என்று ஓர் எண் இடச் சொன்னார். ஒன்று என்றால் தொல்லையில்லை. ஆறு என்றால் தாங்க முடியவில்லை. மாதவிலக்கான நாட்களைச் சுற்றி வட்டமிடச் சொன்னார். இரண்டு மாதம் கழிந்து பார்த்தபோது, ஐந்துகளும் ஆறுகளும் வட்டத்துக்கு முந்திய பத்து நாட்களில் குவிந்து கிடந்தன. வட்டம் தொடங்கிய இரண்டாம் நாளிலிருந்து ஒன்றுகள். அடுத்த மாதமும் அவ்வாறே. சகோதரிக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். ஒரு பயிற்சி வகுப்பில் மருத்துவர் ஒருவர் ஒரு மணி நேரம் இதைப் பற்றிப் பேசினாராம். அந்த ஒரு மணி நேரம்தான்.

இந்நோயை ஆங்கில மருத்துவத்தில் பி.எம்.டி.டி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். மாதவிலக்குக்கு முன் வரும் கடும் மனத்துயர் நோய் எனலாம். பெரும்பாலான பெண்களுக்கு அந்நாட்களில் சிறிது அசதியும் எரிச்சலும் வருவது இயல்பே, அது நோயாகாது. இதுவோ வேறு. உடலிலும் மனத்திலும் பதினோரு குறிகளை வகுத்து, அவற்றுள் ஐந்தேனும் இருக்க வேண்டும், வாழ்க்கையையே குலைக்கும் அளவுக்கு இருக்க வேண்டும், மாதவிலக்கு வந்த சில நாட்களில் விலக வேண்டும் என்று மருத்துவ நூல் வரையறுக்கிறது. இரத்தச் சோதனையில் இது தெரியாது, ஸ்கேனிலும் தெரியாது. இரண்டு மாத நாட்குறிப்பு ஒன்றே சான்று. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகின் பல ஆய்வுகளைத் தொகுத்து 2024-ல் வெளியிட்ட கணக்கின்படி, இவ்வாறு நாட்குறிப்பால் உறுதி செய்யப்பட்டவர்களை மட்டும் எண்ணினாலே பெண்களில் 1.6 விழுக்காடு வருகிறது. சிறு எண்ணாகத் தோன்றும். மாதவிலக்கு நிற்காத வயதில் 500 பெண்கள் இருக்கும் ஒரு பங்கில் எட்டுப் பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஞாயிறு பூசையில் அவர்கள் எட்டுப் பேரும் நம்மிடையே அமர்ந்திருக்கிறார்கள்.

இத்தனை பேருக்கு வரும் நோயை, படித்த மருத்துவர்கள் எப்படித் தவற விடுகிறார்கள்? அதன் வரலாற்றைப் படித்தபோது எனக்கு ஓரளவு விளங்கிற்று.

1931-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து மகப்பேறு மருத்துவர் ராபர்ட் பிராங்க் என்பவர், மாதவிலக்குக்கு ஏழெட்டு நாள் முன்னரே மனம் கொதித்து, விலக்கு வந்தவுடன் அமைதியடையும் பெண்கள் பதினைந்து பேரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் அதை வெளியிட்டது மகப்பேற்று இதழில் அன்று; நரம்பியல், மனநல இதழில். அதே ஆண்டு பெர்லினில் கேரன் ஹார்னி என்னும் மனநல மருத்துவரும் இதே துன்பத்தைப் பற்றி எழுதினார். ஆக, இந்நோய் மருத்துவ உலகில் கண் திறந்தபோதே இரண்டு துறைகளின் வாசற்படியில் நின்றது. பிறகு நடந்தது நம் கிராமங்களில் எல்லைத் தகராறுள்ள நிலத்துக்கு நடப்பதுதான். இருவரும் தமதென்பர், ஒருவரும் உழமாட்டார்.

அடுத்து லண்டனில் கேதரினா டால்ட்டன் என்னும் அம்மையார். முதலில் பாதநோய்களுக்கு வைத்தியம் பார்த்தவர். இரண்டாம் உலகப் போரில் கணவரை இழந்தபின் மருத்துவம் படித்துப் பொது மருத்துவரானார். மாதந்தோறும் விலக்குக்கு முன் தமக்கு வந்துகொண்டிருந்த ஒற்றைத் தலைவலி, கருவுற்றிருந்த மாதங்களில் அறவே வரவில்லை என்பதைக் கவனித்தார். ரேமண்ட் கிரீன் என்னும் சுரப்பியியல் மருத்துவரிடம் சென்று ஆராய்ந்தார். (நம் வாசகருள் நாவல் படிப்போர்க்கு ஒரு செய்தி: இந்த ரேமண்ட், கத்தோலிக்கராக மனம் மாறிய எழுத்தாளர் கிரஹாம் கிரீனின் அண்ணன். 1933-ல் எவரெஸ்டு ஏறச் சென்ற குழுவுக்கு மருத்துவராகப் போனவரும் இவரே.) இருவரும் சேர்ந்து 1953-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரைதான் இந்நோய்க் கூட்டத்துக்கு இன்று வழங்கும் பொதுப் பெயரைத் தந்தது. தம் நோயாளிகளிடம் தேதிகளைக் கேட்டுக் குறித்து வைத்ததே அந்த அம்மையாரின் பெரும் தொண்டு.

1953 என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரில், டாக்டர் ஜான் பில்லிங்ஸ் இயற்கைக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆய்வைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். பில்லிங்ஸ் முறையைக் கற்ற நம் தம்பதியர், நாள்தோறும் அட்டவணை எழுதும் பழக்கத்தை அறிவர். மற்றவர் வெட்கத்தோடு தொடங்கும் வேலை அவர்களுக்குப் பழகிய வேலை.

டால்ட்டன் அம்மையார் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று சொல்வதற்கில்லை. புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் குறைவதே காரணம், அதைக் கொடுத்தால் குணமாகும் என்று இறுதிவரை நம்பினார், ஆயிரக்கணக்கானோர்க்குக் கொடுத்தார். 1990-ல் பிலடெல்பியா நகரத்து ஆய்வாளர்கள், அம்மருந்தையும் மருந்தில்லாத வெறும் வடிவத்தையும் கொடுத்து ஒப்பிட்டபோது, மருந்து வென்றதாகத் தெரியவில்லை. பரிவுள்ள மருத்துவரும் தனியே இருந்தால் தம் தவற்றைத் தாமே காண்பது அரிது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. மற்றவர் பார்வை வேண்டும். வாதிடும் தோழர் வேண்டும். குருக்களாகிய எங்களுக்கும் இது பொருந்தும்.

பின்பு உண்மை சிறிது சிறிதாக வெளிவந்தது. 1998-ல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் ஸ்மிட், டேவிட் ரூபினோ முதலியோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஊசி மருந்தால் சினைப்பையின் இயக்கத்தைச் சில காலம் நிறுத்தினர். நோயுள்ள பெண்களில் பலருக்குத் துன்பம் அகன்றது. பிறகு இயல்பான அளவில் ஹார்மோனைத் திரும்பக் கொடுத்தார்கள். துன்பம் திரும்பி வந்தது. நோயில்லாத பெண்களுக்கும் அவ்வாறே செய்தார்கள். அவர்கள் மனம் அசையவேயில்லை. அதாவது, ஹார்மோன் கூடவுமில்லை, குறையவுமில்லை. எல்லாப் பெண்களுக்கும் இயல்பாக ஏறி இறங்கும் அந்த அலையைச் சிலருடைய மூளை தாங்க மாட்டாமல் தத்தளிக்கிறது. இரத்தச் சோதனையில் ஒன்றும் தெரியாமல் போனதன் காரணம் இப்போது புரிகிறதன்றோ? 2017-ல் அதே நாட்டு ஆய்வாளர்கள், இப்பெண்களின் உயிரணுக்களிலேயே, ஹார்மோனுக்கு மறுமொழி தரும் ஒரு மரபணுத் தொகுதி வேறு விதமாக இயங்குவதைக் கண்டார்கள். "கொழுப்பெடுத்துப் பேசுகிறாள்" என்று சொல்லும் மாமியார்மார்க்கு இவ்வரிகளைப் படித்துக் காட்டலாம்.

மருந்தும் உண்டு. 1995-ல் கனடா நாட்டு மருத்துவர்கள், மனச்சோர்வுக்குத் தரும் புளூயாக்ஸெட்டின் என்னும் மாத்திரை இந்நோய்க்கும் பயன்படுவதை மெய்ப்பித்தார்கள். இதில் ஒரு வியப்பு: மனச்சோர்வு நோயில் இம்மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், இந்நோயிலோ சில நாட்களிலேயே பயன் தருகிறது. ஆகவே பலருக்கு மாதத்தின் பின்பாதியில் மட்டும் கொடுத்தாலே போதுமானது. ஆனால் இதைக் கற்றறியாத மருத்துவர் என்ன செய்வார்? மகப்பேறு மருத்துவர், "மனநோய் மாத்திரை என் வேலையன்று" என்பார். மனநல மருத்துவர், "மாதவிலக்கு என் துறையன்று" என்பார். இருவரும் நல்லவர்களே. நடுவில் நிற்பவள் அவள்.

இந்நோயை ஏட்டில் ஏற்றவே எவ்வளவு தயக்கம்! அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் 1987-ல் இது பின்னிணைப்பில் ஒதுக்கமாக இடம் பெற்றது. 1994-ல் பெயர் மாறியும் பின்னிணைப்பிலேயே இருந்தது. 2013-ல்தான் முழு நோயாக உள்ளே வந்தது. பெண்ணுரிமை பேசியோர் பலர் எதிர்த்தார்கள். மாதவிலக்காகும் பெண்ணையெல்லாம் பித்தர் பட்டியலில் சேர்ப்பார்கள், வேலை மறுப்பார்கள் என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தை நான் இகழ மாட்டேன். ஆயினும் பெயரில்லாத நோய்க்கு எவரும் பாடம் நடத்துவதில்லை. 2019-ல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் பேரவை ஏற்று, 2022 முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு நோய்ப் பட்டியலில், இந்நோய் பெண்ணுறுப்பு நோய்களின் அதிகாரத்தில் வைக்கப்பட்டு, மனச்சோர்வு நோய்களின் அதிகாரத்திலும் சுட்டப்பட்டுள்ளது. ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல். எல்லைத் தகராறுக்கு நல்ல தீர்ப்பு.

இதற்கிடையே, 2008-ல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பல நாட்டு வல்லுநர்கள் கூடினார்கள். மகப்பேற்றுத் துறையினரும் மனநலத் துறையினரும் ஒரே மேசையில் அமர்ந்து, இந்நோய்களை எவ்வாறு வகைப்படுத்துவது, ஆய்வில் எவ்வாறு அளப்பது என்று ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அது 2011-ல் வெளியாயிற்று. பிரிட்டனில் 1980-களிலேயே இதற்கென ஒரு தேசியச் சங்கம் தோன்றியிருந்தது. 2013-ல் அமெரிக்காவில், நோயுற்ற பெண்களே முன்னின்று தொடங்கிய அமைப்பு இன்று பன்னாட்டுச் சங்கமாக வளர்ந்து, இந்நோயை அறிந்த மருத்துவர்களின் பட்டியலைத் தொகுக்கிறது, மருத்துவர்க்கு வகுப்புகள் நடத்துகிறது, ஆய்வாளரையும் நோயாளியையும் எதிரெதிரே அமர வைத்துப் பேசச் செய்கிறது. நோயாளி மருத்துவருக்கு ஆசிரியையாக அமர்வது எனக்கு மிகவும் பிடித்த காட்சி.

இத்தகைய வகுப்புகளில் கற்பிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முதற்பாடம் தேதியைக் கேட்பது. அதற்கென்றே நியூயார்க்கைச் சேர்ந்த ஜீன் எண்டிகாட் முதலியோர் ஒரு நாட்குறிப்புப் படிவம் வகுத்துள்ளார்கள். ஒன்று முதல் ஆறு வரை எண்ணிடும் முறை அதிலிருந்து வந்ததே. எல்லோரும் ஒரே படிவத்தைப் பயன்படுத்தினால், ஒரு மருத்துவர் எழுதச் சொன்னதை மற்றவர் படித்துப் புரிந்துகொள்வார்.

அதைவிட நுட்பமான பாடம் ஒன்றுண்டு. மாதம் முழுதும் மனச்சோர்வு உள்ளவளுக்கு விலக்குக்கு முன் அது கூடுவதும் உண்டு. இரண்டையும் ஒன்றென்று கொண்டால் மருத்துவம் பிழையாகும். அவளுக்கு அடிப்படை நோய்க்கே சிகிச்சை வேண்டும். நினைவிலிருந்து சொல்லும்போது இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். நாட்குறிப்பில் தனித்தனியே தெரியும்.

கர்ப்பப்பையை எடுத்துவிடுவது பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர்களில், "எடுத்துவிட்டால் எல்லாத் தொல்லையும் தீரும்" என்று பெண்கள் தாமே கேட்டு வாங்கிக்கொள்வதைப் பார்க்கிறேன். கர்ப்பப்பையை எடுத்துச் சினைப்பையை விட்டுவைத்தால், ஹார்மோன் அலை நிற்பதில்லை, இந்நோயும் நிற்பதில்லை. இரத்தப்போக்கு மட்டும் நிற்கும். தேதி தெரியாமல் போவதால் நோயைக் கண்டறிவது இன்னும் கடினமாகும். மாண்ட்ரியல் உடன்பாட்டில் இதற்கெனத் தனி வகையே குறிக்கப்பட்டுள்ளது. சினைப்பையையும் சேர்த்து அகற்றுவது, வேறெதுவும் பலிக்காத மிகச் சிலருக்கு, ஊசி மருந்தால் முன்னதாகச் சோதித்தறிந்த பின்னரே செய்யத்தக்கது.

நம் குடும்பங்களில் எழும் மனச்சான்றுக் கேள்வி ஒன்றையும் மறைக்காமல் பேசிவிடுகிறேன். கருத்தடைக்காகத் தரப்படும் மாத்திரைகளுள் ஒரு வகை இந்நோய்க்கும் மருந்தாகத் தரப்படுகிறது. (எல்லா வகையும் உதவுவதில்லை, சில வகை நோயைக் கூட்டுவதும் உண்டு.) "சாமி, இது பாவமாகுமா?" என்று கேட்டு, மருந்துச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்காகத் துன்புற்ற பெண்களை நான் அறிவேன். திருத்தந்தை ஆறாம் பவுல் 1968-ல் வெளியிட்ட 'ஹுமானே வித்தே' சுற்றுமடலின் 15-ஆம் பத்தியே இதற்கு விடை தருகிறது. உடல் நோயைக் குணப்படுத்துவதற்கு உண்மையிலேயே தேவையான சிகிச்சையை, அதனால் கருத்தரிப்புத் தடைப்படும் என்று முன்னரே தெரிந்திருந்தாலும், அத்தடையை நேரடியாக நாடாத வரையில், திருச்சபை தவறென்று கருதுவதில்லை. ஆகவே கலங்க வேண்டாம். மருத்துவரிடம் உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள். வேறு மருந்தும் உண்டென்பதால் அவர் கலந்து பேசி முடிவு செய்வார்.

இதெல்லாம் வெறும் குடும்பச் சச்சரவு என்று எண்ணுவோர்க்கு ஓர் எண்ணிக்கை. தமக்கு இந்நோய் இருப்பதாகத் தெரிவித்த 599 பேரிடம் கேட்டறிந்து 2022-ல் வெளியான ஆய்வொன்றில், 34 விழுக்காட்டினர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாகக் கூறினர். மூவரில் ஒருவர். ஆதலால் உங்கள் வீட்டில் ஒருத்தி, "நான் இருந்து என்ன?" என்று கேட்டால், தேதி பார்த்துக்கொண்டிராமல், நாட்குறிப்புக்குக் காத்திராமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தனியே விடாதீர்கள். அந்த ஆசிரியரின் மனைவி கிணற்றடியில் நின்றதைக் கேட்ட பிறகும் நான் பிரசங்கம் செய்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

அவ்வம்மாள் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். எண்கள் நிறைந்த நாட்காட்டியை எடுத்துக்கொண்டு, முன்னர்ப் பார்த்த அதே மனநல மருத்துவரிடம் மீண்டும் சென்றார்கள். அவர் நெடுநேரம் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை முதலிலேயே நான் கேட்டிருக்க வேண்டும்" என்று சொன்னாராம். பெரிய மனிதர்! மருந்தை மாற்றி எழுதினார். மகப்பேறு மருத்துவருக்கும் கையோடு ஒரு கடிதம் கொடுத்தார். துன்பம் முழுதும் ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆறுகள் மூன்றாயின, சில மாதங்களில் இரண்டாயின. மாமியார் அந்த நாட்களில் சமையற்கட்டைத் தாம் ஏற்றுக்கொண்டார். கணவர் இன்றும் ஒவ்வோர் ஆண்டும் சனவரி மாதம் பங்களாவுக்கு வந்து, "சாமி, இரண்டு காலண்டர்" என்று கேட்டு வாங்கிப் போகிறார் என்று அப்பங்கின் இப்போதைய குரு எனக்குச் சொன்னார்.

அந்த மருந்தகச் சகோதரி இப்போது வேறொரு மாவட்டத்தில் இருக்கிறார். தலைவலி, தூக்கமின்மை, படபடப்பு, அழுகை என்று எந்தப் பெண் வந்தாலும் அவர் கொடுக்கும் சீட்டில், பெயருக்கும் வயதுக்கும் அடுத்தபடியாக ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்: கடைசியாக விலக்கான தேதி.